எட்டாம் பக்கத்துப் பெயர்கள்

வியாழக்கிழமைப் பத்திரிகை வந்ததும் வெர்னா தோர்ஸ்டாட் எட்டாம் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். நீதிமன்றத் தீர்ப்புகள் வரும் பக்கம் அது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களின் பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, அவர்களில் தன்னிடம் பாலிசி எடுத்தவர்களின் கோப்புகளை மேசையில் அடுக்கிய பிறகுதான் காப்பியைத் தொடுவார். ஆள் வருவதற்கு முன்பே கோப்பு வந்துவிடும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வடகிழக்கு மூலையில், ஒரே கடைத்தெரு உள்ள ஊரில், இருபத்தாறு வருடங்களாகக் கார்க் காப்பீடு விற்கிறார். அத்தனை வருடத்தில் அவர் எதிரே உட்கார்ந்த யாரும் இரண்டு பீருக்கு மேல் குடித்ததாகச் சொன்னதில்லை. வெர்னா மறுத்துப் பேசுவதில்லை. "ரெண்டோ இருபதோ, கட்டண அட்டவணைக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்பார். பிரீமியம் இரண்டு மூன்று மடங்காகும் என்பதை வானிலை அறிக்கை போல வாசிப்பார். தொகையைக் கேட்டதும் ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள். பெண்கள் கணவனைப் பார்ப்பார்கள். பாதிரியார் ஒருவர் மட்டும் வெர்னாவைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் மூன்று மடங்குதான்.

தன் காரைச் சாலையில் குறித்திருக்கும் வேகத்துக்கு ஐந்து மைல் குறைத்தே ஓட்டுவார். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால், "அவன் பிரீமியம், அவன் இஷ்டம்" என்று முணுமுணுப்பார்.

சென்ற அக்டோபரில் ஒரு வியாழன், பென்சில் தோர்ஸ்டாட் என்ற பெயரில் வந்து நின்றது. தம்பி ஆர்லின். கோடு போட்டார். கோப்பை எடுத்து வைத்தார். காப்பி மட்டும் ஆறிப்போனது.

பத்து மணிக்கு ஆர்லின் வந்தான். தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன்; ஐம்பத்தைந்து வயது.

"அக்கா, ரெண்டே ரெண்டு பீர்."

"மூச்சுல இருந்த அளவையும் பேப்பர்ல போட்டிருக்கான்டா. அதுக்கு ரெண்டு பீப்பாய் வேணும்."

"சரி விடு. வண்டியை ஜோய்ஸ் பேருக்கு மாத்திடு. என் பேரே வர வேணாம்."

"உன் பொண்டாட்டி வாசலைத் தாண்டி வண்டி எடுத்திருக்காளா? ஓட்டப்போறது நீ. நாளைக்கு யாரையாவது இடிச்சா, ஏமாத்தி வாங்கின பாலிசின்னு கம்பெனி கையை விரிச்சிடும். அடிபட்டவங்க யார்கிட்ட போவாங்க?"

"நான் யாரை இடிக்கப்போறேன்? கூடப் பொறந்தவதானே நீ?"

"அதான் சொல்றேன்."

உரிமம் பறிபோனாலும், வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்டலாம் என்று அரசு அனுமதி தரும். அதற்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பேற்றுச் சான்று அனுப்ப வேண்டும். வெர்னாவின் கம்பெனி அவனை வைத்துக்கொள்ளவில்லை. அவர் பேசிய வேறு ஏழு கம்பெனிகளும் மறுத்தன. தம்பி என்று யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவது கம்பெனி, வருடம் ஆயிரத்து நூறு டாலராக இருந்ததை மூவாயிரத்து நானூறாக்கி ஏற்றுக்கொண்டது. அடிபட்டவர்களுக்குக் கம்பெனி தரும் இழப்பீட்டின் வரம்பைக் குறைத்தால் தொகை கொஞ்சம் இறங்குமே என்றான் ஆர்லின். "அப்படின்னா வேற ஏஜென்ட்டைப் பாரு" என்றார் வெர்னா. தாள் கிழியுமளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அந்த வாரமே மீன்பிடிப் படகை விற்றான்.

நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாளன்று, வெர்னா வீட்டு வான்கோழி விருந்துக்கு ஜோய்ஸ் மட்டும் வந்தாள். "அவருக்கு மூட்டு வலி" என்றாள்.

"கேட்டதாச் சொல்லு" என்றார் வெர்னா.

பிப்ரவரியில் ஒரு காலை, ஒரு சொட்டும் குடிக்காமல் வேலைக்குப் போன ஆர்லினின் வண்டி, சாலையில் உறைந்திருந்த பனியில் வழுக்கி எதிரே வந்த காரில் மோதியது. அதை ஓட்டிவந்த பள்ளி நூலகர் மார்லிஸ் பெர்கமுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

மறுநாள் ஆர்லின் விபத்து அறிக்கை எழுத அக்காவின் அலுவலகத்துக்கு வந்தான். நான்கு மாதத்தில் முதல் தடவை. தொப்பியைக் கழற்றவில்லை.

"அவங்க நடப்பாங்களா அக்கா?"

"நடப்பாங்களாம். கோடை வரைக்கும் ஆகும்னு டாக்டர் சொன்னார். செலவைக் கம்பெனி கட்டும். பேசிட்டேன்."

"அன்னைக்கு நான் சொன்னபடி நீ எழுதியிருந்தா..."

"எழுதல. பேனாவைப் பிடி."

பிடித்தான். பெயருக்கான கட்டத்தைத் தாண்டி எழுத்து ஓடியது. தாளும் கூடவே நகர்ந்தது. வெர்னா எழுந்துபோய்க் கதவில் தொங்கிய அட்டையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் திருப்பினார். மேசையைச் சுற்றி வந்து, அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாள் நகராதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.