பிளக் கழற்றிய பதினான்கு பெட்டிகள்

துறைமுகத்தில் அவளை எல்லாரும் டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது எட்டாவது. "எட்டாவதோட நின்னவங்களுக்கு டிகிரி கொடுத்த ஒரே இடம் நம்ம யார்டுதான்" என்று கிரேன் மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள்.

பெயருக்குக் காரணம் அவளுடைய வேலை. கப்பலில் ஏற வேண்டிய குளிர்பெட்டிகள் வரிசை வரிசையாக யார்டில் நிற்கும். ஒவ்வொன்றும் லாரி நீளத்துக்கு இரும்புப் பெட்டி. ஒரு முனையில் குளிர் இயந்திரம், அதிலிருந்து தடித்த கேபிள். கப்பல் வரும்வரை அந்தக் கேபிளை மின்சாரப் பலகையில் செருகி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியின் சின்னத் திரையையும் பார்த்து, எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும்.

வெளிநாடு போகும் சரக்கை அவள் டிகிரியை வைத்துத்தான் அறிவாள். மைனஸ் பதினெட்டு என்றால் இறால். பதின்மூன்று என்றால் வாழை. ஐந்து என்றால் மருந்து. அந்த நாடுகளை வரைபடத்தில் காட்டச் சொன்னால் விழிப்பாள். ஆனால் அரை டிகிரி கூடினாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர்கள் எந்தத் துறைமுகத்துக்காரர்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள்.

வீட்டிலும் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள்.

"உள்ளே இருக்கறது நேத்து மீந்த சோறு. அதை யாரும் ஏற்றுமதி பண்ணப் போறதில்ல. வந்து உக்காரு" என்பார் கணவர்.

அந்த மாதம் அவளால் இன்னும் உட்கார முடியவில்லை. பதினொரு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாகவே ஓடிவிட்டது. இந்தத் தடவை ஏழு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், பட்டியல் அடுத்த வாரம் ஒட்டப்படும் என்று பேச்சு. அதில் அவள் பெயர் இருப்பதாகச் சொன்னார்கள். மதிய ஷிப்டில் அதே வேலையைச் செய்யும் ஆமையின் பெயர் எட்டாவதாக இருக்கிறது, யாராவது விழுந்தால்தான் அவனுக்கு வழி என்றும் சொன்னார்கள். நடையை வைத்து அவனுக்கு வந்த பெயர் அது.

அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். ஒரு மணிக்கு மேல் மேஸ்திரி வந்து அவசரப்படுத்தினார்.

"அக்கா, மணிக்கு எத்தனை பெட்டி ஏறுதுன்னு கப்பல்காரன் எண்ணிக்கிட்டு நிக்கிறான். இங்கே சுணங்கினா அடுத்த தடவை நேரா வடக்கே பெரிய துறைமுகத்துக்குப் போயிடுவான். அப்புறம் நீங்களும் நானும் கடலை வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காரலாம்."

லாரி பெட்டிக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சட்டம் அதுதான். ஆனால் லாரி காத்து நின்றால் கிரேன் காத்து நிற்கும், கிரேன் நின்றால் எல்லாரும் கத்துவார்கள். அதனால் ஒரு வரிசையை மொத்தமாக முன்கூட்டியே கழற்றிவிடுவது வழக்கம். அவளும் ஒன்றே முக்காலுக்குப் பதினான்கு பெட்டிகளைக் கழற்றினாள். பதின்மூன்று இறால், ஒன்று மருந்து. கேபிள்களைச் சுருட்டி வைத்தாள். ஷிப்ட் முடிகிற நேரம் என்பதால், எல்லாரும் செய்வதுபோல, பதிவேட்டில் பதினான்குக்கும் நேராக 'ஏற்றியாயிற்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஆமை வந்ததும் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டே கால் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. மேம்பாலத்தில் ஏறியபோது துறைமுகம் தெரிந்தது. கப்பலுக்கு மேல் நீண்டிருக்க வேண்டிய கிரேன் கைகள் ஐந்தும் வானத்தைப் பார்த்துத் தூக்கி நின்றன. காற்று அளவுக்கு மீறினால்தான் அப்படித் தூக்குவார்கள். தூக்கிவிட்டால் ஒரு பெட்டியும் ஏறாது.

 அவள் கிளம்பும்போது அந்த வரிசைக்கு ஒரு லாரிகூட வந்திருக்கவில்லை. பதினான்கும் வெயிலில் மின்சாரம் இல்லாமல் நிற்கின்றன. ஆமை போய்ப் பார்க்க மாட்டான். அவன் நோட்டில் அவை கப்பலில் இருக்கின்றன. போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யார்டுக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள்.

இறால் சாயங்காலம்வரை தாங்கும். மருந்து எட்டைத் தாண்டினால் குப்பை. எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்று பெட்டியே தனக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும், மறைக்க முடியாது. ஆனால் எட்டைத் தாண்டுகிற நேரம் ஆமையின் ஷிப்ட். கேள்வி முதலில் அவனிடம்தான் போகும். 'நான் கழற்றிய உடனே லாரி வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவன்மேல் நின்றுவிடும்.

அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க, இறங்கணும்!"

"இப்பத்தானேம்மா கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினீங்க?" என்றார் நடத்துநர்.

"வாங்கினா இறங்கக் கூடாதா?"

அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஆட்டோ பிடித்துத் துறைமுக வாசலுக்கு வந்தாள். அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே போனவர்களுக்கு மறுநாள் காலையில்தான் கதவு திறக்கும்.

"வீட்டுல எதையாவது மறந்துட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். நீங்க வேலையை மறந்துட்டுப் போனீங்களாக்கும்?" என்றார் காவலாளி.

"அண்ணே, விளையாடாதீங்க. அந்த வாக்கி டாக்கியைக் கொடுங்க."

"இதுல பேசினா கிரேன்லேர்ந்து ஆபீஸ்வரை அத்தனை பேருக்கும் கேக்குமே."

"கேக்கட்டும்."

பொத்தானை அழுத்தினாள். வரிசை எண்ணைச் சொன்னாள். பெட்டிகள் பிளக் இல்லாமல் நிற்கின்றன என்றாள்.

"பதிவேட்டுல எல்லாம் ஏறினதா இருக்கே?" ஷிப்ட் அதிகாரியின் குரல்.

"நான்தான் சார் அப்படி எழுதினேன். ஒண்ணும் ஏறல. ஒன்னே முக்காலுக்கே கழட்டிட்டேன். ஏழாவது பெட்டி மருந்து. முதல்ல அதுல போடச் சொல்லுங்க."

வாக்கி கரகரத்தது. பிறகு ஆமையின் குரல் வந்தது. "ஓடறேன்க்கா."

"அவனா? ஓடறானா?" என்றார் காவலாளி.

அவள் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தாள். காவலாளி நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் பார்க்கவே இல்லை.

"மருந்து ஏழு புள்ளி நாலு. போட்டாச்சு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "ஏழு புள்ளி ஆறு."

"ஏறுதே!"

"இப்பத்தானேக்கா போட்டேன், கொஞ்சம் பொறுங்க... ஏழு புள்ளி ஆறுலயே நிக்குது... ஏழு புள்ளி மூணு."

அவளை உள்ளே அழைத்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"ஏறலைன்னு அவன்கிட்ட வாயால சொல்லிட்டுத்தான் போனேன்னு எழுதிடும்மா. பழி பாதிப் பாதியாப் போயிடும். ரெண்டு பேருக்கும் ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம்."

"சொல்லலையே சார்."

"அடுத்த வாரம் பட்டியல் வருது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர்கள். ஏழாவது ஆமை. அவள் மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள், பிறகு கீழிருந்து மேலாக ஒரு முறை.

அதோடு ஒரு புது உத்தரவும் வந்தது. இனி ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து நடந்து, ஒவ்வொரு பிளக்கையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. முதல் நாள் ஆமை தலையைத் தூக்காமல் நடந்தான். மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டான்.

"அக்கா, அங்கே உங்க பேருதான் இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணும்தான்" என்றாள் அவள். "நானும் ரெண்டு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். நடங்க, இன்னும் நாலு வரிசை இருக்கு."

அவன் நடந்தான், அவனுடைய நடையில். அவள் நான்கு பெட்டி முன்னால் போய் நிற்பதும், திரும்பி வருவதும், மறுபடி முன்னால் போவதுமாக இருந்தாள். வாசலுக்கு வந்தபோது இரண்டே கால் பஸ் போயிருந்தது.