போன் அக்கா கேட்காத நாலு கேள்வி

எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிவில் அவளுக்குப் பெயர் போன் அக்கா. நான், வாய் வழியே வயிற்றுக்குள் விடுகிற எண்டோஸ்கோப்பி குழாய்களைக் கழுவுகிறவள். என் கை எப்போதும் ஈரம், அவள் காது எப்போதும் சூடு.

பித்தக்குழாயில் கல் அடைத்து வருகிறவர்களுக்கு இரண்டு விதமாக எடுப்பார்கள். பித்தக்குழாயின் முனையைக் கம்பியால் கீறி எடுப்பது ஒன்று. கீறாமல், பலூனால் விரித்து எடுப்பது இன்னொன்று. கீறினால் ரத்தம் வருமோ என்று பயம், பலூன் என்றால் கணையம் வீங்குமோ என்று பயம். அதெல்லாம் ஒரு வாரத்துக் கவலை. பத்து வருஷத்தில் எந்த விதத்தில் எடுத்தவர்களுக்குக் கல் திரும்ப வருகிறது என்பதுதான் பெரிய டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதற்காக அவர் நடத்தும் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்குக் கீறலா பலூனா என்பதை, குலுக்கிப் போட்ட சீட்டை வைத்து ஒட்டிய உறைதான் முடிவு செய்யும். பிறகு வருஷம் ஒருமுறை அக்கா போன் செய்து நாலு கேள்வி கேட்டு, ஆளுக்கொரு தாளில் குறித்துக்கொள்வாள். வயிற்று வலி வந்ததா, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததா, கண் மஞ்சளானதா, வேறு எங்காவது வைத்தியம் பார்த்தீர்களா.

"நல்லா இருக்கேம்மா" என்று யாரும் அவளிடம் தப்ப முடியாது.

"அது மரியாதைக்குச் சொல்றதுங்க. நடுங்குச்சா, நடுங்கலையா? அதைச் சொல்லுங்க."

ஒருவர் தன் மனைவியிடம், "வெளியூர் போயிட்டேன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தது இவள் காதில் விழுந்துவிட்டது. "வெளியூர்ல இருந்து நல்லாத்தான் கேக்குது, அவர்கிட்டயே குடுங்க" என்றாள். இவள் தொணதொணப்பு தாங்காமல் வந்த எத்தனையோ பேருக்கு, திரும்பி வந்த கல்லை அரை மணி நேரத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறோம். நேரத்தோடு வந்தால் அவ்வளவுதான் வேலை.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் வீட்டுக்காரருக்கே கல் வந்தது. பஸ் ஓட்டுநர். அவருடைய உறையில் கீறல் என்று வந்தது. அன்றிலிருந்து அவருடைய தாளை மட்டும் அக்கா போன் செய்யாமலே நிரப்புவாள். நாலு கட்டத்திலும் மளமளவென்று 'இல்லை'.

"தினமும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்குற மனுஷன். இவருக்கு எதுக்குடி போன்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு காலை, பஸ்ஸை டிப்போவில் நிறுத்திய மனிதரால் கீழே இறங்க முடியவில்லை. கண் மஞ்சள், உடம்பெல்லாம் நடுக்கம். பித்தக்குழாயில் பிடித்த சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. கல்லை எடுத்தார்கள். அவருக்கு விட்ட எண்டோஸ்கோப்பி குழாயையும் நான்தான் கழுவினேன். இரண்டாம் நாள் போய்விட்டார்.

"பலூன் வந்திருந்தா பொழைச்சிருப்பாரா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"ஒருத்தரை வெச்சு அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

ஆராய்ச்சியில் இருப்பவர் இறந்தால், நெருங்கிய உறவினரிடம் அதே நாலு கேள்வியைக் கேட்டு எழுத வேண்டும். அக்கா விடுப்பில் இருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் அவளே போனில் கூப்பிட்டாள்.

"தாள் வந்திருக்குமே. கேளுடி."

"வேண்டாங்க்கா. நானே எழுதிக்கறேன்."

"அப்படித்தான் நான் எழுதினேன். கேளு."

கேட்டேன். "வயிற்று வலி வந்துச்சாக்கா?"

"என்கிட்ட சொல்லலை."

"குளிர் நடுக்கம்?"



"மூணு தடவை. ஃபேனை நிறுத்துன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டார். வண்டியில ஏசி அதிகம்னார். நானும் ஃபேனை நிறுத்தினேன்."

"எப்போன்னு ஞாபகம் இருக்கா? தாள்ல தேதி கேக்குது."

"போன வருஷத் தாளுக்கு முன்னாடி ஒரு தடவை. அப்புறம் ரெண்டு தடவை. தேதி தெரியாது. முன்னூறு பேர்கிட்ட கேட்டேன்டி. அவர்கிட்ட ஒரு தடவை, நடுங்குச்சான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பார். நான் கேட்டு அவர் எதையும் மறைச்சதே இல்லை."

அடுத்த கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை. அவளே கேட்டாள், அவளே பதில் சொன்னாள். நான் எழுதினேன்.