மாரப்பனும் பன்னிரண்டாவது துணியும்

ஆபரேஷன் அறையில் ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணுகிறவன் வாய் திறக்கக் கூடாது. எண்ணிக்கை தப்பினால் மட்டும் திறந்தே ஆக வேண்டும். வாசலில் நிலைகொள்ளாமல் நின்று பழகியவர்களே, உள்ளே நின்ற நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

மிச்சம் ஒன்று

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. சேந்தமங்கலத்து விவசாயி மாரப்பனுக்கு மூத்திரத்தில் ரத்தம் போனது. வலி இல்லையென்று ஒரு வெள்ளாமை முழுக்கச் சும்மா இருந்துவிட்டார். வந்து சேர்ந்தபோது இடது விலாவில் தேங்காய் அளவு கட்டி. சிறுநீரகத்தையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மாரப்பன் மனைவி பாவாயி முதலில் நர்ஸம்மாளிடம் ஏதோ கெஞ்சினாள். பிறகு டாக்டரை மறித்துக் கேட்டாள்: "ஏனுங்க சாமி, ஒரு குண்டிக்காயை எடுத்துப்போட்டா இன்னொன்னு இருக்குதுங்களா? எண்ணிப் பாத்தீங்களா?"

பதினொன்று

நியாயமான கேள்விதான். முன்பிருந்த டாக்டர் விலாவில் கீறுவார். இவர் வயிற்றைத் திறந்து, வலது சிறுநீரகம் இருக்கிறதா என்று முதலில் கைவிட்டுத் தடவினார். இருந்தது. ரத்தக் குழாய்களுக்கு முடிச்சிட்ட பிறகே கட்டியை அசைத்தார். முன்னாலேயே அசைத்தால் அது ரத்தத்தோடு பரவிவிடும் என்பார்.

தைக்க ஊசி எடுத்தார். உள்ளே போனவை பன்னிரண்டு துணிகள். வெளியே வந்து, எண்ணுவதற்காகக் கொக்கியில் தொங்கியவை பதினொன்று. மூன்று முறை எண்ணினேன். "ஐயா, ஒன்று குறைகிறது" என்றேன்; என் குரலே யாரோ பேசுவது போலிருந்தது. டாக்டர் மறுபடி கைவிட்டுத் துழாவினார். மயக்க மருந்து கொடுப்பவர், "நாடி இறங்குது, சீக்கிரம்" என்றார். என் கண் அங்குமிங்கும் ஓடியது. எடுத்த சிறுநீரகம் கிண்ணத்தில் பொட்டலமாக இருந்தது. சுற்றியிருந்தது என் பன்னிரண்டாவது துணி!

நர்ஸம்மாள் முகம் வெளுத்தது: "வெறுமனே போட்டறாதீங்க, துணி சுத்தி வைங்க, பொதைக்கோணும்னு அந்தம்மா கெஞ்சினாங்க டாக்டர். கை தானா சுத்திடுச்சு."

சென்னைக் கடிதம்

புதைக்கவும் முடியவில்லை. என்ன வகைக் கட்டி என்று பார்க்க, அதை மருந்துப் புட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார் டாக்டர். சிறுநீரகத்தின் சதையில் பிறந்ததென்றால் எடுத்தது போதும். மூத்திரம் இறங்கும் வழியில் பிறந்ததென்றால் மறுபடி அறுத்து மூத்திரக் குழாயையும் எடுக்க வேண்டும். இன்னொரு மயக்கத்தை மாரப்பன் தாங்குவாரா? தபால் வரும் நேரமெல்லாம் அவரும் பாவாயியும் நானும் வராந்தாவில் நடந்தோம், மாரப்பன் தையலைப் பிடித்துக்கொண்டு.

பதினேழாம் நாள் கடிதம் வந்தது. சதையில் பிறந்ததுதான், சிறுநீரகத்தின் உறையைத் தாண்டவில்லை; மறுபடி அறுக்க வேண்டாம். பாவாயி அழுது முடித்து என்னிடம் வந்தாள்: "அது பட்டணத்துலயே இருக்கட்டுங்க சாமி. சுத்துன துணியையாச்சும் குடுங்க, அதையக் கொண்டுபோயிப் பொதைச்சுக்கறோம்."

கொடுத்துவிட்டேன், ஆனாலும் துணிகளை வேகவைத்து அடுக்கும்போதெல்லாம், சேந்தமங்கலத்து மண்ணுக்குள் கிடக்கும் அந்த ஒன்றை ஒரு தரம் மனதுக்குள் எண்ணிக்கொள்ளாமல் எனக்குக் கணக்கு முடிவதில்லை.