பெயர் கேட்காத சிநேகம்

சான் ஹோசேயில் ஒரு மாலின் மாடியில், ஜப்பானியக் கம்பெனி ஒன்று நடத்திய வீடியோ கேம் கூடம் 2004 வரை இருந்தது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்ற இடம். வீட்டு டிவியிலேயே விளையாட்டுகள் வந்தபின் கூட்டம் கரைந்தது. பகலில் மெஷின்கள் ஆளில்லாமல் பாடிக்கொண்டிருந்தன.

கீழக்கரை மெஹர் நிஷாவை உள்ளே இழுத்தது அந்தப் பாட்டுதான். கணவன் நசுருதீன் ஆபீஸ் போனால் இருட்டியபின்தான் திரும்புவான். டிபென்டன்ட் விசாவில் அவள் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் அந்த மால் மட்டுமே. தன் குரலே தனக்கு மறந்துவிடுமோ என்று அவள் பயந்த நாட்கள் உண்டு.

கூடத்தில் டோக்கன் தரும் வயதான ஜப்பானிய அம்மாள் ஒருநாள் அவளை இரட்டை மேள மெஷின் முன் நிறுத்தி, குச்சிகளைக் கையில் திணித்தாள். இவள் ஒரு மேளம், அவள் ஒரு மேளம். தாளம் தப்பும்போதெல்லாம் இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு மதியம்தோறும் அதுதான்.

"ஆன்ட்டி இன்னிக்கு என்னை ஜெயிச்சுட்டாங்க," என்றாள் ஒரு ராத்திரி கணவனிடம்.

"மேளம் அடிக்கவா அமெரிக்கா வந்தே? உங்க வாப்பாவுக்கு போன் பண்ணவா?" நசுருதீன் சீண்டினான்.

"பண்ணுங்க. ஆன்ட்டியையே பேசச் சொல்றேன்."

ரமலான் வந்தது. நோன்போடு அலைய முடியாமல் மாதம் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். பெருநாளுக்கு மறுநாள், டப்பாவில் பெருநாள் இனிப்பான வட்டலப்பத்தோடு ஓடினாள்.

கம்பி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே கம்பளத்தில் மெஷின்கள் நின்ற தடங்கள் மட்டும்.

"மூடிட்டாங்க மேடம். யாரைத் தேடறீங்க?" காவலாளி ஆங்கிலத்தில் கேட்டார்.

"இங்க வேலை பார்த்த ஜப்பான்காரம்மா."

"நாலஞ்சு பேர் இருந்தாங்க. பேர் என்ன?"

பெரியவர்களிடம் பேர் கேட்பது அவள் வளர்ந்த வீட்டில் மரியாதைக் குறைவு. ஆன்ட்டி என்று அழைத்தாள், வேறெதுவும் தேவைப்படவில்லை.

"ஆன்ட்டி," என்றாள்.

அவர் பரிதாபமாகப் பார்த்தார். "சாவி ஒப்படைக்க யாராவது வந்தா சொல்றேன். யார் தேடினதா சொல்லட்டும்?"

மெஹர் நிஷா வாய் திறந்தாள். அந்த அம்மாளும் இவள் பேரைக் கேட்டதே இல்லை.

"கூட மேளம் அடிச்ச பொண்ணுன்னு சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடைப்பக்கம் நடந்தார்.