‘தெரியாது’ என்று டைப் அடித்த நாள்

1. முதல் நாள்

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே எனக்குக் கொடுத்த வேலைக்கு அன்றைக்குப் பெயரே கிடையாது. இப்போது மாடரேட்டர் என்கிறார்கள். பிராட்பேண்ட் எங்கள் ஊருக்கு வந்த புதுசு. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தெரிந்தது தமிழ் டைப்பிங் மட்டும். அப்பாவுக்குக் கம்பெனியில் ஆள்குறைப்பாகி ரெண்டு மாசம் ஆகியிருந்ததால், கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஓனர் பழவேற்காட்டுக்காரர், எல்லாருக்கும் பாய். பந்தயப் புறா என்றால் அவருக்கு உயிர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் கூடு திரும்புகிற ஹோமர் புறா வளர்க்கிறவர்கள் பேசிக்கொள்ள நெட்டில் தமிழில் ஒரு ஃபோரம் ஆரம்பித்திருந்தார். அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள், ஒருத்தரும் பேசவில்லை.

“இன்னாமா, எல்லாம் வர்றான், பாக்குறான், போறான். வாயத் தொறக்க மாட்றான். நீதான் பேச வெக்கணும்” என்றார் பாய். “மாசக் கடைசிக்குள்ள சூடு பிடிக்கலைன்னா மூடிடுவேன். அப்புறம் உனக்கும் இங்க வேலை இல்ல. இப்பவே சொல்லிட்றேன், பின்னாடி என்னைத் திட்டாதே.”

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். “கேள்வி வந்தா பதில் இருக்கணும். நம்ம சைட்டுல தெரியாதுன்ற பேச்சே வரக்கூடாது.”

எனக்குப் புறாவைப் பற்றித் தெரிந்தது, அது சாம்பல் நிறத்தில் இருக்கும் என்பதுதான்.

2. பத்து நிமிஷத்தில் பதில்

தொண்டையில் மஞ்சளாகப் படிகிறது, என்ன மருந்து? குஞ்சுக்கு எத்தனையாவது நாளில் காலில் அடையாள ரிங்கு மாட்டுவது? இப்படி ஒன்றிரண்டு கேள்வி வரும். பாயைக் கேட்பேன். பொன்னேரியில் இருந்த மாட்டு டாக்டருக்குப் போன் போடுவேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் சைட்டைப் படிப்பேன். கேட்டவர் காத்திருந்து கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து, பத்து நிமிஷத்தில் பதில் போட்டுவிடுவேன். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, கடைசியில் நன்றியும் சொல்லியிருப்பேன். அதோடு அந்தத் திரி செத்துவிடும். திரி என்றால் ஒரு கேள்வியும் அதற்குக் கீழே தொடர்கிற பேச்சும்.

மூணு வாரம் இப்படியே போனது. ஏழுமலை அண்ணன் என்று ஒரு கிரேன் ஆபரேட்டர், ஷிஃப்ட் முடிந்ததும் வந்து நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்காருவார். அவரும் புறாக்காரர்தான். ஃபோரத்தை விடாமல் படிப்பார், ஒரு வரி எழுதமாட்டார்.

“ஏண்ணே, நீங்களாவது ஒண்ணு போடக்கூடாதா?”

“இன்னாத்தமா போடறது? நீதான் கைடு புக்கு மாதிரி எல்லாத்தையும் எழுதி மூடிட்றியே. அதுக்கு மேல ‘சூப்பர்’னு போட நான் எதுக்கு?”

என் எழுத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டு, பழைய பதில்களையெல்லாம் உட்கார்ந்து திருத்தினேன்.

3. நடந்து வந்த புறா

மாசக் கடைசிக்கு மூணு நாள் இருந்தது. பாய் உறவுக்காரர் கல்யாணத்துக்கு நெல்லூர் போய்விட்டார். போனை எடுக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் ‘கவரைப்பேட்டை மணி’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். நெல்லூரில் விட்ட பெட்டைப் புறா நாலு நாளாக வரவில்லை. இன்று விடிந்ததும் வந்துவிட்டது. ஆனால் பறந்து வரவில்லை. இடது றெக்கை ஒடிந்திருக்கிறது. தெருக்கோடியிலிருந்து நடந்து வந்து கூண்டுக்குக் கீழே நின்றது. மேலே பறந்தால் வழி தெரியும், சரி. தரையில் நடக்கிற புறாவுக்கு எப்படி வழி தெரிந்தது?

டாக்டருக்குப் போன் போட்டேன். “எனக்கு வேற வேலை இல்லையா?” என்று வைத்துவிட்டார். இங்கிலீஷ் சைட்டில் சூரியன், காந்தம் என்று என்னென்னவோ இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பதில் போடாவிட்டாலும் வேலை போகும், தெரியாது என்று போட்டாலும் போகும். கடைசியில் இப்படி அடித்தேன்:

‘எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?’

டீ குடிக்கக்கூடப் போகாமல் ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருந்தேன். முதலில் ஒரு லாரி டிரைவர் எழுதினார். தடா தாண்டி ஹைவே மேலேயே புறாக்கள் தன் வண்டிகூடப் பறந்து வரும், ரோடு திரும்பினால் அதுவும் திரும்பும் என்று. பழவேற்காட்டிலிருந்து படகுக்காரர் ஒருவர், ஏரிக்காற்றின் வாசனைதான் வழி என்றார். குவைத்தில் நர்ஸாக இருந்த ஒரு பொண்ணு, ஊரில் விட்டுவந்த தன் புறாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. இத்தனை நாள் வாயே திறக்காத ஜனங்கள்.

மத்தியானம் சண்டை வந்தது. ‘நடந்து வந்துச்சாம், பஸ்ஸுல வரலியா?’ என்று ஒருத்தர். ‘வந்து பாருய்யா எங்கூட்டுக்கு’ என்று மணி. பயத்தில் ரெண்டையும் டெலிட் பண்ணப் போனேன்.

பின்னாலிருந்து ஏழுமலை அண்ணன் குரல். “ஏய், உடுமா! அவுங்க இப்பத்தான் பேசிக்கினு இருக்காங்க. எரியற அடுப்புல தண்ணி ஊத்தறியே.” சொல்லிவிட்டுத் தன் சிஸ்டத்தில் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். கிரேன் மேலேயிருந்து பார்த்தால் புறாக் கூட்டம் ஒரு சுற்று சுற்றி, தண்டவாளத்தைப் பிடித்துத் தெற்கே போகும் என்று எழுதினார். அவருடைய முதல் பதிவு.

சாயந்திரம் புது மெம்பர் ஒருத்தி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். ‘எங்க அப்பா ரயில்வேல கீமேன், தண்டவாளம் செக் பண்றவரு. அவர் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். முந்தாநாள் லைன் பார்த்துக்கினு போறப்போ, கவரைப்பேட்டை பக்கமா ஒரு புறா ஜல்லி மேல நடந்து போச்சாம். ட்ரெயின் வந்தப்போ ஓரமா ஒதுங்கி நின்னுச்சாம். போனதும் மறுபடி நடந்துச்சாம். காலுல பச்சை ரிங்கு.’

மணி ரிங்கைப் பற்றி எங்கேயுமே எழுதவில்லை. திரியை முதலிலிருந்து ரெண்டு தடவை பார்த்தேன். அப்புறம் அவர் பதில் வந்தது: ‘பச்சைதான். அந்த அண்ணன் காலுல விழணும்.’

பஸ்ஸில் வந்ததா என்று கேட்டவர், ‘மன்னிச்சுக்க மணி’ என்று மட்டும் போட்டார். சென்டரில் என்னோடு சேர்த்து நாலு பேர் அந்த ஸ்கிரீன் முன்னால் நின்றோம். ஒடிந்த றெக்கையோடு ஒரு ஜீவன் ரயிலுக்கு ஒதுங்கி ஒதுங்கி வீட்டுக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்தவர் ஒரு பக்கம், வளர்த்தவர் ஒரு பக்கம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

4. பாய் வந்தார்

மறுநாள் பாய் வந்து நின்றபடியே படித்தார். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாய், அந்த ‘தெரியாது’… வேற வழி தெரியல…”

“நாப்பது வருஷமா வளக்கிறேன்” என்றார், ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல். “எனக்கும் தெரியாதுமா. எந்திரி. நான் ஒண்ணு எழுதணும்.”

ஃபோரத்தை மூடவில்லை. அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பதில் தெரிந்தாலும் உடனே போடாதே. கையைக் கட்டிக்கொண்டு ஒரு டீ நேரம் பொறு. ‘நீங்க பார்த்திருக்கீங்களா’ என்று கேள். சண்டை வந்தால் முழுக்கப் படித்துவிட்டு டெலிட்டைத் தொடு. யாரும் பேசாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் போகாது, எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் எங்கேயோ ஒருத்தர் தண்டவாளத்தோரம் எதையோ பார்த்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். அவருக்கு இடம் விடவேண்டும்.