மெஷின் சத்தத்தில் கிடைத்த தனியறை

கேள்வித்தாளும் கையுமாக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் சக பாவிகளே, நம் தொழிலில் கேள்வி கேட்பது ஒரு வேலையே இல்லை. யாரைக் கேட்டோமோ அவரையே பதில் சொல்ல வைப்பதுதான் வேலை.

கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களுக்குப் பாலியல் நலம் பற்றி என்ன தெரியும், தொந்தரவு வந்தால் யாரிடம் சொல்வார்கள், சொல்லவிடாமல் தடுப்பது எது? இதுதான் ஆய்வு. பதிலை மூன்றாவது ஆள் கேட்கக்கூடாது என்பது விதி.

கதவில்லாத அடுப்படி

புதூர்ப் பக்கம் ஒரு வீடு. மகளிடம் தனியாகப் பேசவேண்டும் என்றதும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அடுப்படிக்குக் கதவு கிடையாது. "மாதவிடாய் நேரத்தில் வலி இருக்குமா?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மகளோ வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்!

"அவளே சொல்லட்டும்மா" என்றேன்.

"பெத்தவ நானு, எனக்குத் தெரியாதா? நீ அடுத்த கேள்வியக் கேளு தாயி."

பேராசிரியரின் யோசனை

இப்படியே பல வீடுகள். ஒரு பதிலும் தேறவில்லை. படிப்பை நிறுத்திய பெண்களை விட்டுவிட்டுக் கல்லூரி மாணவிகளை மட்டும் கேட்கலாம், அங்கே அமைதியான அறை கிடைக்கும் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்க நாதியில்லாதவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது யாருடைய ஆய்வு? அரைமணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் அவர் சொன்னது:

"ஒரு மாசம் டைம். தனியிடம் காட்டு, இல்லேன்னா அந்தப் பிள்ளைகள் கிடையாது."

அண்ணாச்சியின் யூனிட்

புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கிற யூனிட். நான் தேடிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். தனியறைக்கு எங்கே போவது? முதலாளி அண்ணாச்சியே துணிக்கட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரமாவது மெஷினை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். தைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, செல்வி (பெயரை மாற்றியிருக்கிறேன், எழுதச் சொன்னது அவள்தான்), என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்தச் சொல்லாதீங்கக்கா. மெஷின் ஓடயிலதான் நாங்க ரகசியமே பேசுவோம். ஸ்டூல இங்கன இழுத்துப் போடுங்க!"

கரண்ட் போனபோது

காதோடு காதாகச் சொன்னாள். ஆறு மாதமாக அரிப்பு, வெள்ளைப்படுதல். உடம்புச் சூடு என்று தானே முடிவுகட்டி எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பாதியில் கரண்ட் போனது. மொத்த யூனிட்டும் கப்சிப். செல்வி மூச்சுக்கூட மாற்றாமல், "காலர ரெண்டு தையல் போட்டு மடிக்கணும்க்கா" என்றாள்!

அரசு மருத்துவமனைப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையில் சரியாகும் தொற்றுதான். அடுத்த முறை யூனிட்டுக்குப் போனபோது செல்வியின் முகமே தெளிந்திருந்தது.

"இன்னும் ஏழு பேரு இருக்காளுவக்கா. கரண்ட் போறதுக்குள்ள வாங்க."

மாசக் கடைசி

பேராசிரியர் யூனிட்டுக்கே நேரில் வந்தார். சோதனைக்காக, மெஷின் ஓட ஓட, நானும் செல்வியும் தோசை மாவு புளித்த கதையைப் பேசினோம். ஒரு கை தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், எரிச்சலோடு கத்தினார்:

"என்னம்மா பேசுறீங்க? ஒரு எழவும் கேக்கலையே!"

அந்த ஒரு வரியில் அத்தனை பெண்களும் ஆய்வுக்குள் வந்துவிட்டார்கள். ஆகவே தோழர்களே, அமைதியான இடத்தைத் தேடி அலையாதீர்கள், நம் ஊரில் மனம்விட்டுப் பேச நல்ல இரைச்சலும் நிற்காத கரண்டும் போதும்.