செல்லப்பா போட்ட பூட்டு

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் செல்லப்பா முப்பது வருடம் மின்சார வேலை பார்த்தார். இப்போது கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். எதைப் பேசினாலும் பேச்சு அந்த ஒரு காலைக்குப் போய்விடும்.

அன்று கொழுந்து அரைக்கும் ரோலருக்குள் கையை விட்டு வடிவம்மா துப்புரவு செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்பே செல்லப்பா மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, ரோலர் ஓடாது என்று சோதித்து, சாவியை வடிவம்மாவிடமே கொடுத்திருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் புது மேற்பார்வையாளர் சுவிட்சைப் போடப் பார்த்தார். அது அசையவில்லை.

"பூட்டைக் கழட்டுங்க. கொழுந்து குவிஞ்சு கெடக்கு."

"சாவி உள்ள வேலை செய்றவங்ககிட்ட இருக்குங்க ஐயா. அவங்க வந்துதான் தொறக்கணும்."

சத்தம் கேட்டு வடிவம்மா கையை வெளியே எடுத்தார். பச்சை படிந்த அந்த விரல்களைக் கண்டதும் மேற்பார்வையாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே போய் மூவருக்கும் தேநீர் கொண்டுவந்தார்.

"அந்த மாதிரித் தேத்தண்ணி அப்புறம் நான் குடிச்சதே இல்ல" என்பார் செல்லப்பா.